உஜி பாலத்துக்கு இந்தப் பக்கம்

ஜப்பானில் இருக்கும் இசே கோயிலுக்குச் சேர்ந்து போகலாம் என்று பக்கத்து வீட்டு அம்மாவும் நானும் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தோம். போன நவம்பரில் ஒருவழியாகப் போனோம். ஆனால் அவர் உள்ளே வரவில்லை. கோயிலுக்குள் கொண்டுபோகும் உஜி பாலத்தின் முன்னால் நிற்கும் தோரி வாயில் வரைக்கும் வந்து, அதற்கு நாலடி தள்ளி நின்றுகொண்டு, "போய் வா. நான் கடையில் உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

அக்டோபர் நடுவில் அவருடைய அம்மா இறந்துவிட்டார். 96 வயது. வீட்டில் சாவு நடந்தால் ஐம்பது நாள் வரை, ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் கோயிலுக்குள் போவதில்லை, தோரியைத் தாண்டுவதில்லை என்பது வழக்கம். அன்றைக்கு 38-ஆவது நாள். பயணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் பிறந்த ஊரே இசேதான். "அம்மா வீட்டை ஒழுங்கு பண்ண நான் அங்கேதான் இருப்பேன். நீ வா, பாலம் வரைக்கும் நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

தீட்டு என்றால் நமக்குச் சட்டென்று புரியும். அவர்கள் சொல் 'கெகரே'. அவர் அதற்குச் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. 'கி' என்றால் உயிர்ச்சத்து, 'கரே' என்றால் வாடிப்போவது. துக்கத்தில் இருக்கிற மனிதர் வாடியிருக்கிறார், தேறும் வரைக்கும் இருக்கட்டும். மக்கள் வாய்வழக்கில் சொல்லும் விளக்கம் அது. ஜப்பானில் ஷிண்டோ கோயிலுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். அண்மையில் உங்கள் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் வாசலில் யாரும் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. ஆனால் கூட வரும் ஜப்பானிய நண்பர் வெளியிலேயே நின்றுகொண்டால், ஏன் என்று துருவாமல் விட்டுவிடலாம்.

நாங்கள் நகோயாவுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. கணவருக்கு இங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. எந்தக் கிழமை எந்தக் குப்பை போட வேண்டும் என்பதில் தொடங்கி எனக்கு இந்த ஊரைச் சொல்லிக்கொடுத்தவர் இந்த அம்மாதான். வந்த புதிதில் ஒரு பௌத்தக் கோயிலுக்கு என்னைக் கூட்டிப் போனார். எங்கேயோ காணொளியில் பார்த்த ஞாபகத்தில் நான் சன்னதி முன்னால் நின்று இரண்டு தடவை கைதட்டினேன். அவர் என் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார். "இது 'தெரா', புத்தர் கோயில். இங்கே தட்டக் கூடாது. கையைக் கூப்பினால் போதும்." அன்றிலிருந்து மறக்கவில்லை. வாசலில் இரண்டு தூணும் குறுக்கே இரண்டு கட்டையுமாகத் தோரி நின்றால் பெரும்பாலும் அது ஜின்ஜா, அதாவது ஷிண்டோ கோயில், அங்கேதான் கைதட்டுவது. கூரை போட்ட பெரிய வாயிலும், ஊதுபத்திப் புகையும், பக்கத்தில் கல்லறைகளும் இருந்தால் பௌத்தக் கோயில். இரண்டும் ஒரே வளாகத்துக்குள் இருக்கிற இடங்களும் உண்டு. முன்னால் நிற்பவரைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் செய்தால் தப்பு வராது.

போகிற வழியைச் சொல்லிவிடுகிறேன். நகோயாவிலிருந்து கிந்தெத்சு விரைவு ரயிலில் இசேஷி நிலையத்துக்கு ஒன்றரை மணி நேரம் கூட ஆகாது. சாதாரணப் பயணச்சீட்டோடு விரைவு வண்டிக்கான சீட்டையும் தனியாக வாங்க வேண்டும். ஜேஆர் பாஸ் (ஜப்பான் ரயில்வேயின் சுற்றுலாப் பயணச்சீட்டு) வைத்திருப்பவர்கள் 'மியே' என்ற ஜேஆர் வண்டியில் வரலாம். ஆனால் நடுவில் கொஞ்ச தூரம் இசே ரயில்வே என்ற வேறு நிறுவனத்தின் தண்டவாளம் வருகிறது. அந்தத் துண்டுக்குப் பாஸ் செல்லாது, கையிலிருந்து காசு கொடுக்க வேண்டும். கோயில் காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறது. மூடும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாலை 5 மணி. நடப்பதெல்லாம் சரளைக்கல் மேல்தான் என்பதால் குதிகால் செருப்பு வேண்டாம். நடக்க முடியாத பெரியவர்களைக் கூட்டி வந்தால் நுழைவாயிலில் சக்கர நாற்காலி இரவல் கேட்டு வாங்கலாம். சாதாரணச் சக்கரம் சரளையில் புதைந்து நகர மறுக்கும்.

இசே என்றால் ஒரே கோயில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிதும் சிறிதுமாக 125 கோயில்கள் சேர்ந்ததுதான் இசே ஜிங்கூ. அவற்றில் முதன்மையானவை இரண்டு. சூரிய தேவியான அமதெராசு இருக்கும் நைக்கூ. அவருக்கு உணவளிக்கும் தெய்வமான தொயோஉகே இருக்கும் கெக்கூ. இரண்டுக்கும் நடுவில் சில கிலோமீட்டர் தூரம், பஸ்ஸில் கால் மணி நேரமோ இருபது நிமிடமோ ஆகும். முதலில் கெக்கூ, அப்புறம் நைக்கூ என்பது முறை. கோயிலின் சடங்குகளே அந்த வரிசையில்தான் நடக்கின்றன. நேரமில்லை என்று பலர் நேராக நைக்கூவுக்குப் போய்விடுகிறார்கள். அது வேண்டாம். இசேயைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது கெக்கூதான்.

இசேஷி நிலையத்திலிருந்து கெக்கூ ஐந்தாறு நிமிட நடை. நான் மட்டும் ஏழரை மணிக்கே உள்ளே போய்விட்டேன். கெக்கூவில் பாதையின் இடது ஓரமாக நடக்கிறார்கள், நைக்கூவில் வலது ஓரமாக. இரண்டிலும் நடுப்பாதையில் நடப்பதில்லை, அது தெய்வத்தின் வழி. தோரிக்கு முன்னால் நின்று ஒரு தடவை தலை தாழ்த்திவிட்டு உள்ளே போக வேண்டும். திரும்பும்போதும் வெளியே வந்து, உள்பக்கம் திரும்பி இன்னொரு தடவை.

கை கழுவும் இடத்தில் நான் கொஞ்சம் நிதானமாக நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா எங்கள் சமையலறைத் தொட்டியிலேயே ஒரு கரண்டியை வைத்து எனக்குப் பழக்கியிருந்தார். வலது கையில் அகப்பையை எடுத்து, முங்க மொண்டு, முதலில் இடது கை. பிறகு கை மாற்றி வலது கை. திரும்ப வலது கையில் பிடித்து, இடது உள்ளங்கையில் கொஞ்சம் நீர் விட்டு வாய் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது, கொப்பளித்ததைத் தொட்டிக்கு வெளியே கீழே துப்ப வேண்டும். வாய் வைத்த இடது கையை மறுபடி கழுவ வேண்டும். கடைசியில் அகப்பையை நிமிர்த்திப் பிடித்தால் மிச்ச நீர் காம்பு வழியாக வழிந்து, நாம் பிடித்த இடத்தையும் கழுவிவிடும். இதெல்லாம் ஒரே ஒரு அகப்பை நீரில் முடிய வேண்டும். அந்தக் கடைசி அசைவு எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்து வருபவருக்காகச் செய்வது அது.

கெக்கூவில் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் தெய்வங்களுக்குச் சாப்பாடு படைக்கிறார்கள். சுமார் 1500 ஆண்டுகளாக ஒரு வேளைகூடத் தவறாமல் நடக்கிறது என்கிறது கோயில் மரபு. சோறு, உப்பு, தண்ணீர், சாக்கே என்னும் அரிசி மது, மீன், கடற்பாசி, காய், பழம். நெல் கோயிலின் சொந்த வயலில் விளைகிறது, உப்பைக் கோயிலே காய்ச்சுகிறது. சமையலுக்கான தீயைத் தினமும் கட்டையைக் கடைந்துதான் மூட்டுகிறார்கள். நம் பழைய இலக்கியத்தில் வருகிற தீக்கடைகோல் ஞாபகம் வந்தது. ஒரு தடவை படைத்த மண்தட்டை மறுபடி பயன்படுத்துவதில்லை, உடைத்து மண்ணுக்கே கொடுத்துவிடுகிறார்கள். மலையாக வளர்ந்த ஜப்பானிய சிடார் மரங்களுக்கு நடுவே நின்றபோது, இந்தக் காலை வேளைக்கான சோறு எங்கேயோ உள்ளே வெந்துகொண்டிருக்கும் என்ற நினைப்பே எனக்குப் போதுமாக இருந்தது.

ஏனென்றால் பார்க்க ஒன்றும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மூலக் கோயில் அடுக்கடுக்கான மரவேலிகளுக்குள் இருக்கிறது. வெளியிலிருந்து கூரை உச்சியும், அதில் குறுக்காக நிற்கும் கட்டைகளும்தான் தெரியும். சிவப்பு வண்ணம் இல்லை, சிலை இல்லை. மற்ற ஜின்ஜாக்களில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் கல் சிங்கங்கள் இல்லை. குறி பார்க்கும் ஓமிகுஜிச் சீட்டுகூட இங்கே கிடையாது. இசேக்கு வந்த நாளே நல்ல நாள்தான், அதற்கு மேல் குறி எதற்கு என்று சொல்கிறார்கள்.

ஆனால் மூலக் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை இருக்கிறது. அதே அளவு, அதே செவ்வகம். தரை முழுக்கக் கூழாங்கல். நடுவில் ஒரு சின்ன மரக்குடில், அவ்வளவுதான். அங்கே நான் வெகுநேரம் நின்றேன். 2013 வரைக்கும் கோயில் அந்த மனையில் இருந்தது. 2033-இல் மறுபடி அங்கே போகும். இருபது வருடத்துக்கு ஒரு தடவை பக்கத்து மனையில் அச்சு அசலாக அதே கோயிலைப் புதிதாகக் கட்டி, தெய்வத்தை இரவில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, வெள்ளைத் துணித் திரைக்குள் மறைத்து இடம் மாற்றுகிறார்கள். இதன் பெயர் ஷிகினென் செங்கூ. முதல் தடவை நடந்தது 690-இல், பேரரசி ஜிதோ காலத்தில். 2013-இல் நடந்தது 62-ஆவது.

தூண்களைக் கல் அடித்தளத்தில் நிறுத்தாமல் நேராக மண்ணில் நடுகிறார்கள். கூரை புல் வேய்ந்தது. ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்துக்கு வண்ணம் பூசுவதில்லை. அப்படிக் கட்டினால் காலத்துக்கு நிற்காது. அது தெரிந்தேதான் அப்படிக் கட்டுகிறார்கள். கட்டடத்துக்கு ஆயுள் கொடுக்காமல், கட்டுகிற கைக்கு ஆயுள் கொடுத்திருக்கிறார்கள். இருபது வயதில் உதவியாளாக வருகிற தச்சர் நாற்பதில் பொறுப்பேற்று, அறுபதில் சொல்லிக்கொடுப்பார். ஆடை, வாள், தறிச்சாமான் என்று தெய்வத்துக்குரிய 714 வகைப் பொருள்களையும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் செய்கிறார்கள். இது தடைப்படாமல் ஓடிவந்த கதையும் இல்லை. போர்க்காலத்தில் நைக்கூவில் 1462-க்குப் பிறகு 1585 வரை 120 ஆண்டுகளுக்கு மேல் செங்கூ நடக்கவே இல்லை. 1949-இல் நடக்க வேண்டியது, இரண்டாம் உலகப் போர்த் தோல்விக்குப் பிந்திய வறுமையில் 1953-க்குத் தள்ளிப்போனது. விட்ட இடத்திலிருந்து மறுபடி தொடங்கினார்கள் என்பதுதான் எனக்கு விட்டுப்போகாமல் நடந்ததைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

2033-க்கான வேலை இப்போதே தொடங்கிவிட்டது. 2025 மே மாதம் முதல் சடங்கு. ஜூனில் நாகானோ மாநிலத்தின் கிசோ மலையில் மரம் வெட்டினார்கள். மூன்று பக்கமிருந்து கோடாலியால் குடைந்து, மரம் மூன்று காலில் நிற்கிற மாதிரி ஆக்கி, பிறகு ஒரு காலை அறுத்துச் சாய்க்கும் பழைய முறை. எதிர்கால மரத் தேவைக்காக 1920-களிலேயே இருநூறு வருடத் திட்டம் போட்டு இசேயைச் சுற்றியுள்ள மலைகளில் ஹினோகி நட்டு வளர்த்துவருகிறார்கள்.

கெக்கூவில் இன்னொன்று. மூலக் கோயிலுக்கு முன்னால் கயிறு கட்டிய மூன்று கற்கள் இருக்கும். பலர் அதன் மேல் கையைக் காட்டி, சக்தி வருகிறது என்று நின்றுகொண்டிருப்பார்கள். அது செங்கூவின்போது தூய்மைச் சடங்கு செய்யும் இடம், கை காட்டுவதற்கு வைத்தது இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தேன். வெளியே வந்ததும் செங்கூகான் என்ற அருங்காட்சியகத்துக்கு அவசியம் போங்கள். உள்ளே பார்க்க முடியாத கெக்கூ மூலக் கோயிலின் ஒரு பகுதியை அசல் அளவிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். தூணின் பருமனைப் பார்த்த பிறகுதான் வேலிக்கு உள்ளே இருப்பது என்னவென்று மனதில் பதிகிறது.

பஸ்ஸில் நைக்கூ போய் இறங்கியபோது அவர் நிறுத்தத்தில் காத்திருந்தார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு சின்னத் துணிப்பை. பாலத்தை நோக்கி நடந்தோம். உஜி பாலம் 100 மீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், முழுக்க மரம், இரண்டு முனையிலும் தோரி. அதையும் இருபது வருடத்துக்கு ஒரு தடவை புதிதாகப் போடுகிறார்கள். இப்போதுள்ளது 2009-இல் போட்டது.

தோரியின் தூணை அவர் தொடாமல் காட்டினார். "இது 1993-இல் கெக்கூவில் நட்ட தூண். இருபது வருஷம் அங்கே கூரையைத் தாங்கிச்சு. இப்போ இருபது வருஷம் இங்கே வாசல். அதுக்கப்புறம் குவானாவுக்குப் போய் அங்கே இருபது வருஷம் நிக்கும்." குவானா என்பது பழைய தொகாய்தோ நெடுஞ்சாலையில், கடல் கடந்து வரும் யாத்திரிகர்கள் வந்து இறங்கிய துறை. பாலத்தின் உள்முனைத் தோரி நைக்கூவின் பழைய தூண்களால் ஆனது. நான் அண்ணாந்து பார்த்தேன். கணு தெரியாத, வெளுத்துப்போன, வழுவழுப்பான மரம். முப்பது வருடம் கடந்தும் அதற்குப் பாதி வாழ்க்கை மிச்சமிருந்தது.

அவருடைய அம்மா பிறந்தது 1929, 58-ஆவது செங்கூ நடந்த வருடம். அதை வைத்துத்தான் அந்த வீட்டில் வயதைக் கணக்குப் பண்ணுவார்களாம். 1953-இல் அந்த அம்மா இளம்பெண், இடுப்பில் இவர். 1973-இல் இவருக்கு 21. 1993-இல் 41. 2013-இல் தாய்க்கு 84, மகளுக்கு 61.

2013 கோடையில் நடந்ததை அவர் பாலத்தின் முன்னால் நின்றபடியே சொன்னார். தெய்வம் வந்து சேர்வதற்கு முன்பு, புதிய மூலக் கோயிலைச் சுற்றிப் பரப்புவதற்காக ஊர்மக்கள் ஆளுக்கொரு வெள்ளைக் கல் கொண்டுபோய் வைக்கிறார்கள். ஓஷிராய்ஷி-மொச்சி என்று பெயர். ஆற்றங்கரையில் பொறுக்கிய, முட்டை போன்ற கல். வெறுங்கையால் பிடிக்காமல் வெள்ளைக் கைக்குட்டையில் வைத்து ஏந்திப் போக வேண்டும். சாதாரண மனிதர்கள் அந்த வேலிகளுக்குள் போய், மூலக் கோயிலை இத்தனை பக்கத்தில் பார்ப்பது அந்தச் சில வாரங்களில் மட்டும்தான். தெய்வம் குடிவந்த பிறகு அந்தத் தரையில் நாம் கால் வைக்க முடியாது. "புது மரத்தோட மஞ்சள் நிறம் கண்ணைக் கூசிச்சு. அம்மா கல்லை வெச்சுட்டு எழுந்திருக்கவே இல்லை. பின்னால வரிசை நிக்குதுன்னு நான்தான் தூக்கிவிட்டேன்." அவர் கையை இரண்டு அக்குள்களுக்கும் கொடுத்துத் தூக்குகிற மாதிரி காட்டினார். அப்புறம் தோரியைப் பார்த்துத் தலை தாழ்த்திவிட்டு, கடைத்தெரு பக்கம் திரும்பி நடந்தார்.

நான் தனியாகப் பாலம் கடந்தேன். கடந்ததும் வலதுபுறம் திரும்பினால் அகலமான சரளைப் பாதை, பைன் மரங்கள். கிமோனோ போட்ட சின்னக் குழந்தைகள் இரண்டு மூன்று பேர் பெற்றோர் கையைப் பிடித்துப் போனார்கள். மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளைக் கோயிலுக்குக் கூட்டிப் போகும் ஷிச்சி-கோ-சான் மாதம் அது.

நைக்கூவில் கல்தொட்டி இருந்தாலும் முடிந்தால் இசுசு ஆற்றிலேயே கை கழுவுங்கள். முதல் தோரியைத் தாண்டி வலதுபுறம் இறங்கினால் சாய்வான கல் பாவிய துறை. நம் ஆற்றுப் படித்துறையில் இறங்குகிற மாதிரிதான் இருந்தது. நீர் கணுக்கால் ஆழம்தான், அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. குளிரில் விரல் மரத்துப்போனது. ஆற்று நீரைக் குடிக்க வேண்டாம், வாய் கொப்பளிக்கவும் வேண்டாம், கை மட்டும் போதும். காசு எறியாதீர்கள்.

மூலக் கோயில் கற்படிகளுக்கு மேலே. படிக்குக் கீழேயே படம் எடுப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலே அனுமதி இல்லை. தொப்பியைக் கழற்றிக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்றால் மப்ளரையும் கழற்றிவிடுகிறார்கள். மேலே போனால் ஒரு வாயில், அதில் தொங்கும் ஒரு வெள்ளைப் பட்டுத் திரை. அதற்கு அந்தப் பக்கம் நாம் போக முடியாது. மற்ற ஜின்ஜாக்களில் இருப்பதுபோல் உண்டியல் பெட்டியோ, ஆட்டுவதற்கு மணிக்கயிறோ இங்கே இல்லை. தரையில் ஒரு வெள்ளைத் துணி விரித்திருந்தது, அதில் நாணயங்கள் கிடந்தன. பழைய காலத்தில் பேரரசர் தவிர யாரும் இங்கே காணிக்கை செலுத்தக் கூடாது என்ற விதி இருந்தது. பெட்டி வைக்காததற்குக் காரணம் அதுதான், மக்கள் போடுவதால் துணி விரிக்கிறார்கள். பொதுவாக ஜின்ஜாக்களில் ஐந்து யென் நாணயம் போடுவார்கள். 'கோ-என்' என்றால் ஐந்து யென், உறவு என்றும் பொருள். கார்டு வைத்தே காலம் தள்ளுகிறவர்கள் முந்தின நாளே கொஞ்சம் சில்லறை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு தடவை இடுப்பிலிருந்து குனிய வேண்டும். இரண்டு தடவை கைதட்ட வேண்டும். தட்டும்போது வலது கையைக் கொஞ்சம் கீழே இழுத்துக்கொண்டு தட்டினால் சத்தம் தெளிவாக வரும், பிறகு விரல்களைச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசியில் மறுபடி ஒரு தடவை குனிய வேண்டும்.

வேண்டுதல்? அங்கேதான் எனக்குச் சிக்கல். அடுத்த வாரம் கோவில்பட்டியில் என் அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. இத்தனை தூரம் வந்து அதைக் கேட்காமல் எப்படி? ஆனால் இந்தப் படியில் நின்று தனக்காக எதுவும் கேட்பதில்லை, நன்றி மட்டும் சொல்வது என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்லியிருந்தார். "கேக்கணும்னா பின்னால அராமத்சுரி-நோ-மியா இருக்கு. அங்கே கேளு. முன்னால நின்னு வணக்கம் சொல்லு, இருக்கேன்னு சொல்லு, அது போதும்."

கேட்காமல் கும்பிட்டு எனக்குப் பழக்கமே இல்லை. சாமி முன்னால் நின்றாலே மனது பட்டியலைத் தொடங்கிவிடும். குனிந்து நிமிர்ந்து கைதட்டியபின் எதைச் சொல்வது என்று தெரியாமல் ஒரு கணம் சும்மா நின்றேன். பின்னால் சரளையில் ஆட்கள் நடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் ரயில் சரியான நேரத்துக்கு வந்தது, அதைச் சொன்னேன். மூன்று மாதமாக வலியோடு இருக்கிற அம்மா நேற்று போனில் சிரித்ததைச் சொன்னேன். அப்புறம், 96 வருடம் இந்த ஊரில் இருந்த ஒருவருக்காகவும், பாலத்துக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற அவர் மகளுக்காகவும் நன்றி சொன்னேன். இதைச் சொல்லும்படி அவர் என்னிடம் கேட்கவில்லை.

'எதோ' என்று சொல்லப்படும் ஷோகுன்கள் ஆட்சிக் காலத்தில் (1603–1868) ஊரே சேர்ந்து சீட்டு போட்டு இசேக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. எல்லாரும் மாதாமாதம் காசு போட, குலுக்கலில் பெயர் விழுந்தவர்கள் அந்த வருடம் ஊர் முழுவதற்கும் சேர்த்துக் கும்பிட்டு வருவார்கள். கால் நடையாகத்தான். 1830-இல் சில மாதங்களுக்குள் 40 லட்சம் பேருக்கு மேல் வந்தார்களாம். வர முடியாதவர்கள் தங்கள் நாயின் கழுத்தில் காசு கட்டி அனுப்பியதும், வழியில் இருந்தவர்கள் அதற்குச் சோறு போட்டு அடுத்த ஊருக்கு வழிகாட்டி விட்டதும் உண்டு. மற்றவருக்காகக் கும்பிட்டு வருவது இந்த இடத்துக்குப் புதிதில்லை.

அராமத்சுரி-நோ-மியா மூலக் கோயிலுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே இறங்கி ஏறும் வழியில் இருக்கிறது. வேலிகள் இல்லாத சின்னக் கோயில், நேராக முன்னால் போய் நிற்கலாம். அங்கே அம்மாவின் முழங்காலைப் பற்றி வாய்விட்டே தமிழில் சொன்னேன்.

முத்திரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோஷுயின் என்னும் கோயில் முத்திரையை அதற்கென்றே விற்கும் மடிப்பு நோட்டில்தான் வாங்க வேண்டும். வேறொரு ஊரில் நான் பையிலிருந்த சாதாரணக் குறிப்பேட்டை நீட்டியபோது பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அது சுற்றுலா முத்திரை இல்லை, கும்பிட்டதற்கான அடையாளம். அதனால் கும்பிட்ட பிறகுதான் போய்க் கேட்க வேண்டும். இசேயின் முத்திரையில் அலங்கார எழுத்து எதுவும் இல்லை. சிவப்பு முத்திரையும் தேதியும் மட்டும்.

திரும்பிப் பாலம் கடந்து, வெளித்தோரியைத் தாண்டி, உள்ளே பார்த்துத் தலை தாழ்த்திவிட்டு ஒஹராய்மாச்சி கடைத்தெருவுக்குள் போனேன். அங்கே வீட்டு வாசல்களில் வைக்கோல் கயிற்று அலங்காரம் தொங்கும். மற்ற ஊர்களில் புத்தாண்டுக்கு மட்டும் கட்டுவதை இசேக்காரர்கள் வருடம் முழுக்க விட்டுவைக்கிறார்கள். வழிப்போக்கனாக வந்த தெய்வத்துக்குத் தங்க இடம் கொடுத்த ஏழையின் சந்ததி வீடு இது என்று அதில் எழுதியிருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தத் தெருவில் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இசே உதோன் பார்க்க வெறும் நூடுல்ஸ் மாதிரி இருந்தாலும் சாறில் மீன் சேர்ந்திருக்கும். கவலையில்லாமல் சாப்பிடக்கூடியது அகாஃபுகு. ஒட்டும் அரிசியில் செய்த மொச்சி உருண்டை, அதன் மேல் சிவப்புப் பயறு அரைத்த இனிப்புப் பூரணம். 1707-இலிருந்து விற்கிறார்கள்.

ஆற்றைப் பார்த்த திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒரு தட்டு சொல்லி வைத்திருந்தார், சூடான தேநீரோடு. "திரை அசைஞ்சுதா?" என்று கேட்டார். காற்றில் அந்த வெள்ளைத் திரை தூக்கினால் தெய்வம் வா என்று சொல்வதாக ஒரு நம்பிக்கை. இல்லை, அசையவே இல்லை என்றேன். "எனக்கும் பெரும்பாலும் அசையாது. அம்மா போனா அசையும். எப்பவும் வந்து அதைத்தான் முதல்ல சொல்லுவாங்க."

தட்டை என் பக்கம் திருப்பினார். பூரணத்தின் மேல் விரலால் இழுத்ததுபோல மூன்று வரி. அது இசுசு ஆற்று நீரோட்டம் என்றார். அடியில் இருக்கும் வெள்ளை மொச்சி ஆற்றில் கிடக்கும் கல். சின்ன மரக் கரண்டியால் பூரணத்தை ஒதுக்கி, உள்ளேயிருந்த வெள்ளையைக் காட்டினார். ஒரு பெட்டியும் தனியாக வாங்கித் துணிப்பையில் வைத்திருந்தார். அம்மா படத்துக்கு முன்னால் வைக்க.

நாங்கள் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தபோது, 2033-இல் எனக்கு 81 வயசு என்றார். வெள்ளைக் கல் வைக்க வெளியூர்க்காரர்களையும் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்வார்களாம். அப்போது நாங்கள் எந்த ஊரில் இருப்போமோ என்றேன். "எங்கே இருந்தாலும் வா. கல் ஒண்ணும் கனமில்லை. ஒரு வெள்ளைக் கைக்குட்டை மட்டும் எடுத்துட்டு வா" என்றார்.